துண்டும் பதிவேடும்

1

1988இல் ஒன்பது மாதங்கள் மதுரையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் இரவு வேலை பார்த்தேன். அப்போது எனக்கு வயது 19. மேஜைமேல் நீளவாக்கில் ஒரு பதிவேடு கிடக்கும். பெயர், தகப்பனார் பெயர், சொந்த ஊர், எங்கிருந்து வருகிறார், எங்கே போகிறார், வந்த காரியம், உடன் வந்தோர், கையெழுத்து. இரவு 11 மணிக்குமேல் ஸ்டேஷனிலிருந்து ஓர் ஏட்டு வந்து புரட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். 'உடன் வந்தோர்' பத்தியில் 'மனைவி' என்றிருந்தால் மட்டும் அவர் விரல் அங்கே நிற்கும். "பொண்டாட்டிதானாப்பா? கழுத்தப் பாத்தியா?" என்பார்.

ஒருநாள் இரவு ஓர் ஆள் ஆறு பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். மூத்தவனுக்கு 14 இருக்கலாம். "வடக்க முறுக்குக் கம்பெனிக்குத் தம்பி. காலைல ரயிலு" என்றார். அவர் பெயரை எழுதினேன். உடன் வந்தோர் பத்தியில் '6 பேர்' என்று போட்டேன். ஏட்டு வந்தார், பார்த்தார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். நடுராத்திரி தண்ணீர் குடிக்க இறங்கிவந்த பையனொருவன் என்னிடம் கேட்டான்: "அண்ணே, அங்கெருந்து திரும்பி வர ரயிலுக்கு எவ்வளவு ஆகும்?" அந்த 'அங்கே' எந்த ஊர் என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

காலையில் முதலாளியிடம் சொன்னேன். "அட்வான்ஸ் குடுத்துக் கூட்டிட்டுப் போறான். பெத்தவுகளே அனுப்பி வச்சிருக்காக. நமக்கென்ன?" என்றார். அவர் கெட்டவரில்லை. கீழே இருந்த அவருடைய சாப்பாட்டுக் கடையில் மேஜை துடைத்த பையனும் அப்படித்தான் ஓர் அட்வான்ஸில் வந்தவன். மாடிப்படிக்கு அடியில் படுத்துக்கொள்வான். அந்த இடத்துக்குப் பதிவேடு கிடையாது. பதிவேடு தங்க வந்தவர்களுக்குத்தான், வேலைக்கு வந்தவர்களுக்கல்ல.

என் கையெழுத்தில் '6 பேர்' என்று எழுதிய அந்த வரியைத்தான் இந்தக் கட்டுரையில் மறுபடி வாசிக்கப் பார்க்கிறேன்.

2

ஆள் கடத்தலைத் தடுப்பதில் ஓட்டல்களும் முதலாளிகளும் பங்கெடுக்க வேண்டும் என்ற பேச்சு இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. குழந்தைகள் மீதான பாலியல் வணிகத்துக்கு எதிராக 1996இல் ஸ்டாக்ஹோமில் உலக மாநாடு கூடியது. அதைத் தொடர்ந்து 1998இல் சுற்றுலா நிறுவனங்களுக்கான ஒரு நடத்தை விதித்தொகுப்பு வந்தது. 2000இல் ஐ.நா. சபை ஏற்ற பலேர்மோ உடன்படிக்கை ஆள் கடத்தலுக்கு வரையறை சொன்னது: சுரண்டும் நோக்கத்தோடு, மிரட்டியோ ஏமாற்றியோ ஒருவரின் கதியற்ற நிலையைப் பயன்படுத்தியோ அவரை வேலைக்குப் பிடிப்பது, கொண்டுபோவது, கைமாற்றுவது, தங்கவைப்பது, பெற்றுக்கொள்வது. பிள்ளைகள் விஷயத்தில் மிரட்டலோ ஏமாற்றோ இருந்தாக வேண்டும் என்பதுகூட இல்லை. 'தங்கவைப்பது' என்ற சொல்லில் லாட்ஜ் வந்துவிடுகிறது. நானும் வந்துவிடுகிறேன்.

இதை வெறும் ஏகாதிபத்திய உபதேசம் என்று ஒதுக்குகிற தோழர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் 'பார்த்துக்கொண்டிருங்கள், சந்தேகம் வந்தால் சொல்லுங்கள்' என்று ஓட்டல்காரனிடம் சொல்லும்போது, இதுவரை அவன் யாரைப் பார்க்கப் பழக்கப்பட்டிருக்கிறான் என்ற கேள்வியை விட்டுவிட முடியாது.

விடுதிப் பதிவேட்டுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1857 எழுச்சிக்குப் பத்து வருஷம் கழித்து, 1867இல், சராய் சட்டம் என்று ஒன்றை வெள்ளையர் அரசு வடக்கே கொண்டுவந்தது. வழிப்போக்கர் தங்கும் சராய்களைப் பதிவு செய்ய வேண்டும், கேட்கும்போது முந்தின பகலிலும் இரவிலும் வந்து தங்கியவர்களைப் பற்றி மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தர வேண்டும். அடுத்த நான்காவது வருஷம், 1871இல், குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. அது சென்னை மாகாணத்துக்கு 1911இல் வந்தபோது, ஊர்விட்டு ஊர் போகிறவன் கையில் ராதாரிச் சீட்டு இருந்தாக வேண்டும் என்றானது. நடமாடுகிறவனே குற்றவாளி என்ற எண்ணத்திலிருந்து பிறந்தவை இந்தப் பதிவேடுகள். அவன் யார், எங்கே போகிறான் என்று அவை கேட்டன. அவனை யார் கூட்டிக்கொண்டு போகிறார், எந்தக் கணக்கில் கூட்டிக்கொண்டு போகிறார் என்று ஒருபோதும் கேட்டதில்லை.

விடுதலைக்குப் பிறகும் பார்வை பெரிதாக மாறவில்லை. 1956இல் வந்து 1986இல் திருத்தப்பட்ட ஒழுக்கக்கேடான வியாபாரத் தடுப்புச் சட்டத்தில் ஓட்டலுக்கென்றே ஒரு விதி இருக்கிறது: குற்றம் நடந்த இடம் ஓட்டலாக இருந்தால் லைசென்ஸை மூன்று மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை நிறுத்தி வைக்கலாம், குழந்தையோ மைனரோ சம்பந்தப்பட்டிருந்தால் ரத்தே செய்யலாம். இதன் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் நடைமுறையில் இந்தப் பயம் ஏட்டின் விரலைக் கொண்டுபோய் நிறுத்தியது சாதி மாறிக் காதலித்து ஓடிவந்த ஜோடிமேல்தான். தாலியைப் பார்த்தோம். '6 பேர்' என்ற எண்ணைப் பார்க்கவில்லை.

இன்று ஓட்டல் ஊழியர்களுக்குச் சொல்லித்தரப்படும் அடையாளப் பட்டியல்களையும் இதோடு சேர்த்து வாசிக்க வேண்டும். ரொக்கமாகப் பணம் தருவார்கள், மூட்டை முடிச்சு குறைவாக இருக்கும், கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார்கள். இந்தக் கணக்குப்படி பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் தங்கும் எல்லோரும் சந்தேகத்துக்குரியவர்களே. ஏழ்மையே இங்கே குற்ற அடையாளமாகிவிடுகிறது.

3

தொண்ணூறுகளில் ஃபூக்கோவை வைத்துக்கொண்டு 'கண்காணிப்பு' பற்றி நாம் நிறையப் பேசினோம், எழுதினோம். அந்தச் சொல்லுக்குள்ளேயே நம்முடைய கங்காணி நின்றுகொண்டிருப்பதை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. கண்காணிதான் கங்காணி. இலங்கைக் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் சேர்த்துக் கொண்டுபோனவன் அவன். அங்கே வேலை வாங்கியவனும் அவன், கடன் கணக்கு வைத்தவனும் அவன்.

தோட்டத்துரை கங்காணியிடம் முன்பணம் கொடுப்பார். ஊருக்கு வந்து அவன் வீட்டுக் கடனை அடைப்பான், வழிச்செலவுக்குத் தருவான். எல்லாம் தொழிலாளி கணக்கில் ஏறும். வேலை தொடங்குமுன்பே அவன் கடன்காரன். தோட்டம் மாற வேண்டுமென்றால் துரை ஒரு சீட்டு எழுதித் தருவார்: இந்த ஆட்களின் கடன் இவ்வளவு, இதைக் கட்டினால் விடுவிக்கிறேன். இதற்குப் பேர்தான் துண்டு. புதுத் தோட்டத்துரை பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார், கடன் புதுக் கணக்குக்கு மாறும். துண்டில் விற்பனை என்ற சொல் கிடையாது, ஆனால் ஆள் கைமாறுவான். இது போக, ஆட்கள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு உண்டு.

இலங்கையில் துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1922இல் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. அதன்பின் ஆள் சேர்க்கும் செலவு தோட்டங்களிடம் வசூலித்த பொது நிதியிலிருந்து போனது. மலாயாவில் இது இன்னும் முன்பே நடந்திருக்கிறது. 1907இல் அங்கே தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றைச் சட்டம் போட்டு உண்டாக்கினார்கள். தமிழ்த் தொழிலாளியை வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும் அதில் பணம் கட்ட வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறியவர்களின் பயணச்செலவு அந்த நிதியைச் சேர்ந்தது. இன்று சர்வதேச மேடைகளில் 'முதலாளியே கட்ட வேண்டும்' என்று புதுக் கொள்கையாகச் சொல்லப்படுவது, நூறு வருஷத்துக்கும் முன்பே நம் ஆட்களை வைத்துச் செய்து பார்க்கப்பட்டது.

அதைச் செய்தவர்கள் யோக்கியர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு தோட்டம் செலவு பண்ணி ஆளைக் கொண்டுவரும், பக்கத்துத் தோட்டம் கூடுதல் கூலி காட்டி இழுத்துக்கொள்ளும். அந்தத் தகராறைத் தீர்க்கத்தான் எல்லோரும் பங்கு போட்டார்கள். முதலாளிமார் கையிலிருந்த நிதி ஆள் வரத்தைக் கூட்டவும் குறைக்கவும் கருவியானது. 1930களின் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தபோது, வேலையிழந்தவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பவும் அதே நிதி பயன்பட்டது. கங்காணியும் போய்விடவில்லை, லைசென்ஸ் வாங்கிக்கொண்டு தொடர்ந்தான். 1938இல் இந்திய அரசு இவ்விதக் குடிபெயர்வைத் தடை செய்த பிறகுதான் மலாயாவுக்கு அவன் ஆள் பிடிப்பது நின்றது.

இதில் எனக்கு இரண்டு பாடங்கள் தெரிகின்றன. ஒன்று, பயணக் கடனை முதலாளி தலைக்கு மாற்றுவது முடியாத காரியமில்லை, மாற்றினால் தொழிலாளியின் காலில் கிடக்கும் முதல் விலங்கு கழன்றுவிடுகிறது. இரண்டு, அந்தப் பணத்தின் சாவி முதலாளி கையில் மட்டும் இருந்தால் அடுத்த விலங்கு தயாராகிறது.

முதல் பாடத்தைக்கூட நாம் பின்னால் மறந்தோம். சுதந்திர இந்தியாவின் 1983ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டம் ஏஜெண்டு தொழிலாளியிடம் பணம் வாங்குவதைத் தடுக்கவில்லை, எவ்வளவு வாங்கலாம் என்று வரம்பு மட்டும் வைத்தது. ஆனால் 1997இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 181ஆவது உடன்படிக்கை, தனியார் வேலைவாய்ப்பு ஏஜென்சிகள் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்பதையே பொது விதியாகச் சொல்கிறது.

4

ஓட்டலுக்கும் கங்காணிக்கும் உள்ள உறவுக்கு நம் நாட்டிலேயே நீதிமன்றச் சாட்சி இருக்கிறது. 1982இல் டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. அதற்காக மேம்பாலங்கள், அரங்கங்கள், நீச்சல் குளம், ஓட்டல்கள் கட்டினார்கள். வெளி மாநிலங்களிலிருந்து ஜமேதார்கள் மூலம் ஆள் வந்தது. நாளொன்றுக்குக் குறைந்தபட்சக் கூலி 9 ரூபாய் 25 காசு. தொழிலாளி கைக்கு வந்தது 8 ரூபாய் 25 காசு. ஒரு ரூபாய் ஜமேதாருக்கு. தோட்டத்துத் தலைக்காசு பேர் மாறி டில்லிக்கு வந்திருக்கிறது.

ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி பகவதியின் தீர்ப்பு அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவை எடுத்துக்கொண்டது. மனிதர்களை வியாபாரம் செய்வதையும் வெட்டி வேலையையும் மற்ற கட்டாய உழைப்பையும் ஒரே மூச்சில் தடை செய்கிற பிரிவு அது. கையில் விலங்கு போட்டால்தான் கட்டாயம் என்பதில்லை, பசியும் வேறு வழியின்மையும் கட்டாயமே, குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே ஒருவன் வேலை செய்ய நேர்ந்தால் அது கட்டாய உழைப்புதான் என்றது தீர்ப்பு. 'ஆட்களைக் கொண்டுவந்தது காண்டிராக்டர், எனக்குத் தெரியாது' என்று வேலை கொடுத்தவர் கைகழுவ முடியாது என்றும் சொன்னது.

இந்த இடத்தில் நம் பொதுப்புத்தி உடைபடுகிறது. ஆள் கடத்தல் என்றால் ஓட்டல் அறைக்குள் ரகசியமாக நடப்பது என்று நினைக்கிறோம். ஓட்டலின் சுவரே அப்படி எழும்பியிருக்கலாம். விருந்தாளியைச் சந்தேகிக்கப் பழகிய ஓட்டல் தன்னைச் சந்தேகித்ததில்லை. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஓட்டல்களிலும் டீக்கடைகளிலும் வேலைக்கு வைப்பதற்குத் தடை வந்ததே 2006 அக்டோபரில்தான். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்து 30 வருஷம் ஆகியிருந்தது.

கடன் தலைகீழாகவும் வேலை செய்யும். நம் மில்களில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பேரில் பெண்பிள்ளைகளைச் சேர்த்தபோது முன்பணம் தரவில்லை. மூன்று வருஷம் முடித்தால் மொத்தமாகத் தருகிறோம் என்று கூலியைப் பிடித்து வைத்தார்கள். இங்கே கடன்காரர் முதலாளி, ஆனாலும் கட்டுண்டு கிடந்தது அந்தப் பெண்தான். தொகை யார் பக்கம் இருந்தாலும், நடுவில் கிளம்பினால் எல்லாம் போய்விடும் என்ற நிலைதான் விலங்கு.

5

அப்படியானால் முதலாளியும் ஓட்டலும் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள்.

முதலில் தன் கணக்கைப் பார்க்கட்டும். துணி வெளுக்கிறவர், அறை கூட்டுகிறவர், வாசலில் நிற்கிற காவலாளி, இன்று ஒடிசாவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்து நம் ஊர் ஓட்டல்களில் பாத்திரம் கழுவுகிற பையன். இவர்களை யார் கொண்டுவந்தது, ரயில் டிக்கெட் யார் எடுத்தது, ஆதார் அட்டை யார் பெட்டியில் இருக்கிறது, சம்பளம் யார் கையில் போகிறது? ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்தை முதலாளி திருப்பித் தரட்டும். இந்தக் கேள்விகளைக் கேட்க எந்தப் பயிற்சி முகாமும் வேண்டாம்.

அடுத்து, பார்த்ததைச் சொல்லும் தைரியம் யாருக்கு வரும் என்று யோசிக்க வேண்டும். அறை கூட்டுகிற பெண்ணுக்குத்தான் எல்லாம் தெரியும். எந்தக் கதவு மூன்று நாளாகத் திறக்கவில்லை, எந்தப் பிள்ளை அழுதது என்று அவர் சொல்லிவிடுவார். ஆனால் காண்டிராக்ட் வேலையில், நாளைக்கு வராதே என்றால் போய்விட வேண்டிய நிலையில் இருப்பவர் வாய் திறக்க மாட்டார். அவருக்கு வேலை நிரந்தரமும் சங்கமும் இருந்தால்தான் அவர் பார்வை சாட்சியாகும். இல்லையென்றால் அவரும் இன்னொரு கங்காணி ஆக்கப்படுவார், சம்பளமில்லாத கங்காணி.

மூன்றாவது, யாரிடம் சொல்வது? பிள்ளை என்றால் 1098 இருக்கிறது. கூலி, கடன் என்றால் தொழிலாளர் துறையும் வருவாய்க் கோட்ட அதிகாரியும் இருக்கிறார்கள், கொத்தடிமையாக இருந்தவரின் கடனையே ரத்து செய்கிற 1976ஆம் வருஷத்துச் சட்டமும் இருக்கிறது. எல்லாவற்றையும் ஏட்டின் விரலுக்கு விட வேண்டியதில்லை. காதலித்து ஓடிவந்தவர்களைப் பிடித்துக் கொடுப்பதும் கடத்தல் தடுப்பும் ஒன்றல்ல என்று எழுதி வரவேற்பு மேஜையில் ஒட்டட்டும்.

அந்த லாட்ஜ் இப்போது இல்லை, இடித்துவிட்டுக் கடைகள் கட்டியிருக்கிறார்கள். பதிவேடுகள் எடைக்குப் போயிருக்கும். அந்த ஆளின் பெயர் எனக்கு மறந்துபோய்விட்டது, ஆனால் எழுதியது நினைவிருக்கிறது. அந்த ஆறு பேருடைய பெயரை நான் கேட்கவில்லை, எழுதவுமில்லை. கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. பதிவேட்டில் இடம் இருந்தது. ஆறு பெயர் எழுதி, பக்கத்தில் 'டிக்கெட் எடுத்தவர் யார்' என்று கேட்டு எழுதுமளவுக்கு அந்தப் பக்கம் காலியாகத்தான் கிடந்தது.