முத்துக்குளித்தோரின் மூச்சு

தாமிரபரணி கடலைச் சேரும் இடத்திற்கு அருகே பழையகாயல் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டெழுதிய காயல் துறைமுகம் இதுவே என்பர். ஏடனிலிருந்தும் ஹுர்முஸிலிருந்தும் குதிரைகள் வந்திறங்கிய துறை அது. அப்பகுதிக் கடலில் நடந்த முத்துக்குளிப்பையும் அவர் விவரிக்கிறார். மீன்கள் தீண்டாதபடி மந்திரம் ஓதியவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு முத்து கொடுக்கப்பட்டதாம்! மந்திரத்தை விட்டுவிடுவோம்; மூச்சைப் பார்ப்போம்.

மன்னார் வளைகுடாவில் பரதவரும், காயல்பட்டினம், கீழக்கரைப் பகுதி முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாகக் குளித்தனர். கயிற்றில் கட்டிய கல்லின்மீது கால்வைத்து இறங்கி, சிப்பிகளைப் பையில் சேர்த்து, ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் மேலே வந்துவிடுவர்.

அதற்குமேல் ஏன் தாங்க முடிவதில்லை? உயிர்வளி தீர்ந்துவிடுவதால் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் நெஞ்சை முட்டவைப்பது பெரும்பாலும் இரத்தத்தில் சேரும் கரியமில வாயுவே. அதன் சிறு உயர்வையும் மூளையின் அடிப்பகுதியிலுள்ள முகுளம் உணர்ந்து, மூச்சுத் தசைகளை ஏவுகிறது. 1905இல் ஹால்டேன், பிரீஸ்ட்லி என்னும் இருவர் இதை நிறுவினர். உறக்கத்திலும் நாம் கேளாமலே நடக்கும் ஏற்பாடு இது, இறைவனின் அருட்கொடை.

இரத்தம் இதயத்தின் வலப்புறத்திலிருந்து நுரையீரல் வழியாகச் சென்று, காற்றுடன் கலந்து இடப்புறம் சேர்கிறது என்பதை, மார்க்கோ போலோ காயலைக் காண்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1242இல், இப்னு நஃபீஸ் எழுதிவிட்டார். அந்த ஏட்டை 1924இல் பெர்லின் நூலகத்தில் ஓர் எகிப்திய மருத்துவர் கண்டெடுக்கும்வரை உலகம் அதை மறந்தே இருந்தது.

உயிர்வளியின் குறைவை உணரும் உறுப்பும் நமக்கு உண்டு. கழுத்துத் தமனியருகே உள்ள அதன் பணியைக் கண்டறிந்த ஹேமன்ஸ் என்பவருக்கு 1938ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் உயிர்வளி வெகுவாகக் குறைந்த பின்னரே அது உரக்கக் குரல் கொடுக்கும். ஆபத்து இங்கேதான் இருக்கிறது. மூழ்குமுன் பலமுறை வேகமாக மூச்சிழுத்து விட்டால், கரியமில வாயு வெளியேறிவிடும்; உயிர்வளியோ குறிப்பிடும்படி கூடுவதில்லை. முட்டலும் தவிப்பும் வருமுன்பே, நல்ல நீச்சல்காரனும் நீருக்குள் நினைவிழப்பான்.

முத்துக்குளித்தவரின் கயிற்றைத் தோணியில் ஒருவர் கையில் பிடித்து நின்றார். இழுப்பு வந்ததும் தூக்கிவிடுவார். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோயிற்று. கோடை விடுமுறையில் தாமிரபரணித் தடுப்பணைகளில் நம் பிள்ளைகள் மூச்சடக்கும் பந்தயம் வைப்பது மட்டும் நிற்கவில்லை. ஆற்றுக்குப் புறப்படும்போது இதை அவர்களிடம் சொல்லியனுப்புவோம். கரையில் பெரியவர் ஒருவரும் நிற்கட்டும்.