ஏட்டில் எழுதிக் குரலில் காத்த பாட்டு

கடலோரச் சுவடுகள் – 14

1958ஆம் ஆண்டு. பெல்ஜியத்தின் ஆட்சியில் இருந்த கொங்கோவில், கமினா என்ற ஊரில், கீடோ ஹாசன் என்ற பிரான்சிஸ்கன் குரு ஆப்பிரிக்கச் சிறுவர்களையும் ஆசிரியர்களையும் கொண்டு லத்தீன் திருப்பலியை அவர்களுடைய சொந்த மெட்டிலும் தாளத்திலும் பாடவைத்தார். ‘மிசா லூபா’ என்ற பெயரில் அது இசைத்தட்டாக வந்து உலகெங்கும் பரவியது. பத்து ஆண்டுகள் கழித்து, 1968இல், அமெரிக்காவின் ‘எலக்ட்ரிக் புரூன்ஸ்’ குழு மின்கித்தாரை வைத்தே ஒரு முழுத் திருப்பலியை இசைத்தட்டாக வெளியிட்டது. 1969இல் லாரி நார்மனின் முதல் தனி இசைத்தட்டு வந்தது. கிறிஸ்தவ ராக் இசையின் தொடக்கமாகப் பலர் குறிப்பிடுவது அதைத்தான்.

மக்களின் இசையில் மக்களின் வழிபாடு என்ற எண்ணம் இந்த இசைத்தட்டுகளோடுதான் பிறந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. புத்தளம் மாவட்டக் கரைக்கு அந்த எண்ணம் அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முன்பே வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்தவர் கோவாவில் பிறந்த ஒரு குரு. ஒலிப்பதிவுக் கருவி எதுவும் இல்லாத அந்தக் காலத்தில் அவர் கையில் இருந்தவை ஓலையும் எழுத்தாணியும் மட்டுமே.

அன்றைய நிலைமையை முதலில் பார்ப்போம். 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயர் கையிலிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறின. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று 1658இலேயே கட்டளை பிறந்தது. கோவில்கள் சீர்திருத்தச் சபையின் வசமாயின. 1687இல் கோவாவிலிருந்து யோசே வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் வந்து இறங்கும் வரை, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இந்தக் கரையோரக் கத்தோலிக்கருக்கு மேய்ப்பர் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையானபோது அவர் வந்து சேர்ந்த இடம் புத்தளம். அப்போது அது கண்டி மன்னரின் ஆளுகையில் இருந்த துறைமுகம். அங்கிருந்துதான் 1692இல் அவர் கண்டிக்குப் போனார். ஒற்றர் என்ற சந்தேகத்தில் சிறைப்பட்டார்.

குரு எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. ஆகவே ஊருக்கு ஊர் செபத்தை முன்னின்று நடத்த மூப்பரும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்க அண்ணாவியும் அமர்த்தப்பட்டார்கள். இவர்கள் எல்லாரும் அந்தந்த ஊர் மனிதர்களே. கோவிலைப் பூட்டலாம், குருவைப் பிடிக்கலாம், நூலைப் பறிக்கலாம். மனப்பாடமான பாட்டை எந்த அதிகாரியாலும் பறிமுதல் செய்ய முடியாது. இந்த உண்மையைத் தன் பணிக்கே அடித்தளமாக வைத்தவர்தான் யாக்கோமே கொன்சால்வெஸ்.

1676இல் கோவாவின் திவார் தீவில் ஒரு கொங்கணிக் குடும்பத்தில் பிறந்தார். 1705இல் இலங்கை வந்தார். மன்னார்ப் பகுதியில் தமிழையும், பின்னர் கண்டியில் சிங்களத்தையும் ஆழமாகக் கற்றார். தமிழ்க் கத்தோலிக்கர் அவரைச் சாங்கோபாங்க சுவாமி என்று அழைத்தார்கள். தமிழ், சிங்களம், போர்த்துக்கேயம் ஆகிய மூன்றிலும் அவர் எழுதியவை நாற்பதுக்குக் கிட்ட வரும். அவர் காலத்தில் தரங்கம்பாடியில் தமிழ் அச்சுக்கூடம் இயங்கிக்கொண்டிருந்தது. 1737இல் ஒல்லாந்தர் கொழும்பில் சிங்கள நூல் அச்சிட்டார்கள். இந்த வசதி எதுவும் அவருக்கு எட்டவில்லை. எழுதுவோரை அமர்த்தி ஓலையில் பிரதி எடுக்கச்செய்து, ஊர் ஊராக அனுப்பினார்.

ஓர் ஓலைப் பிரதி உருவாகும் விதத்தைச் சற்று நெருங்கிப் பாருங்கள். பதப்படுத்திய ஓலையை இடக்கையில் பிடித்து, வலக்கை எழுத்தாணியால் கீறுவார்கள். கீறியபின் கரிமை தடவித் துடைத்தால் எழுத்து கறுப்பாகத் தெளியும். பெரும்பாலும் புள்ளி இருக்காது. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இருக்காது. எங்கே நிறுத்துவது, எங்கே இழுப்பது, எந்தச் சொல்லில் குரலைத் தாழ்த்துவது என்பதற்கு ஏட்டில் குறி கிடையாது. அதை அறிந்தவர் வாயால் பாடிக் காட்ட, கற்பவர் காதால் வாங்கிக்கொள்ள வேண்டும். சொல் ஏட்டிலும் இராகம் மனிதரிடத்திலுமாக, இரண்டும் சேர்ந்தால்தான் அந்தப் படைப்பு முழுமை அடையும்.

அவருடைய தமிழ்ப் படைப்புகளில் மக்கள் நெஞ்சில் ஆழமாக இறங்கியது ‘வியாகுலப் பிரசங்கம்’. இயேசுவின் பாடுகளை ஒன்பது பிரசங்கங்களாகச் சொல்வது. அது உரைநடைதான். வடமொழி கலந்த, நீண்ட வாக்கியங்கள் கொண்ட நடை. ஆனால் யாரும் அதைச் சும்மா வாசிப்பதில்லை. தவக்காலத்து இரவுகளில், குறிப்பாகப் பெரிய வாரத்தில், நல்ல குரல்வளம் உள்ளவர் அதை இராகம் இழுத்துப் பாடுவார். உச்சத்தில் எடுத்த ஒரு வாக்கியம் மெல்ல மெல்ல இறங்கி ஒரு பெருமூச்சில் முடியும். மகனைப் பறிகொடுத்த தாயின் துயரம் வரும் இடத்தில், இழவு வீட்டு ஒப்பாரியின் சாயல் தானாகவே குரலில் ஏறிவிடும். நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அழுத அழுகைக்குக் கோவிலுக்குள் ஓர் இடம் கிடைத்தது இந்தப் பிரசங்கத்தால்தான்.

இதே பாடுகளைச் சிங்களத்திலும் அவர் எழுதினார். ‘துக்பிராப்தி பிரசங்கய’ என்ற அந்த நூலும் இராகத்தோடு ஓதப்பட்டது. சுரூபங்களைக் கொண்டு பாடுகளின் காட்சிகளை நடத்திக்காட்டும் மரபும் இதனோடு சேர்ந்து வளர்ந்தது. படிக்கத் தெரியாத கடற்றொழிலாளிக்கும் காதாலும் கண்ணாலும் வேதம் போய்ச் சேர்ந்தது. அவர் காலத்திலேயே மறுகரையில் வீரமாமுனிவர் தேம்பாவணியைப் புலவர் போற்றும் காப்பியமாகப் பாடிக்கொண்டிருந்தார். கொன்சால்வெஸ் தேர்ந்தெடுத்தது வேறு சபை. வலை உலர்த்தும் கரையில் கூடும் சனங்கள்தான் அவருடைய சபை.

1742 ஜூலை 17இல் பொலவத்தையில் அவர் காலமானார். இன்றைய புத்தளம் மாவட்டத்தின் தெற்கில், தங்கொட்டுவைக்கு அருகே உள்ள அந்த ஊரில்தான் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

இந்தக் கரைக்கு இசை வேறு வழிகளிலும் வந்தது. புத்தளத்துக்கு அருகே சிறம்பியடியில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளிக் கத்தோலிக்கர், போர்த்துக்கேயக் கிரியோல் மொழியில் ‘மாஞ்சா’ பாடல்களை இன்றும் பாடுகிறார்கள். இலங்கை பைலாவின் வேர்களில் அதுவும் ஒன்று. 1963 டிசம்பர் 4இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், மக்களின் சொந்த இசை மரபுக்கு வழிபாட்டில் உரிய இடம் தரச் சொன்னது. அதன்பின் உலகெங்கும் கித்தாரும் ஊர் மேளமும் கோவிலுக்குள் வந்தன. சங்கம் சொன்னது உலகுக்குப் புதிதாக இருந்திருக்கலாம். சாங்கோபாங்க சுவாமியின் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது பழகிய வழி.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. சிலாபம், வென்னப்புவ கரையில் ஒரு காலத்தில் வீட்டிலும் கோவிலிலும் தமிழ் பேசிய பல மீனவக் குடும்பங்கள், கடந்த நூற்றாண்டில் பள்ளிக்கூடத்தின் வழியாகச் சிங்களத்துக்கு மாறின. மொழி மாறிய இடத்தில் தமிழ்ப் பிரசங்கத்தின் இராகமும் போய்விட்டது. யாழ்ப்பாணம், மன்னார் பக்கத்துக் கோவில்களில் அது இன்னும் கேட்கிறது. ஆனால் முழு இராகமும் தெரிந்தவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். நூல் அச்சில் இருக்கிறதே என்று நாம் ஆறுதல் கொள்ள முடியாது. நூலில் இருப்பது பாதிதான். மீதிப் பாதி அவர்களுடைய தொண்டையில் இருக்கிறது.

எனவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பங்கில் வியாகுலப் பிரசங்கம் பாடும் பெரியவர் யாராவது இருந்தால், வரும் தவக்காலத்துக்குள் அவர் பாடுவதைக் கைத்தொலைபேசியிலாவது பதிவு செய்யுங்கள். ஒரு துண்டோடு நிறுத்தாமல் ஒன்பது பிரசங்கங்களையும் பாடச் சொல்லுங்கள். யாரிடம் கற்றார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதையும் அவர் வாயாலேயே சொல்லவைத்துப் பதியுங்கள். ஒரு பிரதியைப் பங்குமனையில் வையுங்கள். ஒன்றை நூலகம் நிறுவனம் போன்ற ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புங்கள். கித்தாரோடு பாடும் இளையோர் குழுக்கள் அந்தப் பதிவிலிருந்து ஒரு மெட்டையாவது கற்றுக்கொள்ளட்டும். தடையும் தண்டனையும் அழிக்க முடியாத பாட்டு, நம் கவனக்குறைவால் அழிந்துபோகக் கூடாது.

(தொடரும்)