டெரோவி: தண்டவாளம் மாறிய ஊர்

தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெய்டிலிருந்து வடக்கே சுமார் 220 கிலோமீட்டர் போனால் டெரோவி என்று ஒரு சிற்றூர் வரும். வறண்ட பூமி. இப்போது அங்கே கொஞ்சம் பேர்தான் இருக்கிறார்கள். ஆனால் ஒரு காலத்தில் இரண்டாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த ஊர் இது. வாழவைத்தது ரயில்வே. இன்னும் சரியாகச் சொன்னால், ரயில்வே திட்டத்தில் நேர்ந்த ஒரு குளறுபடி!

1901 வரை ஆஸ்திரேலியா ஒரே நாடாக இருக்கவில்லை. தனித்தனி பிரிட்டிஷ் காலனிகளாக இருந்தது. எல்லாருக்கும் ஒரே அகலத்தில் தண்டவாளம் என்று முதலில் பேச்சு இருந்தது. நியூ சவுத் வேல்ஸ் நடுவில் மனம் மாறியது. அதற்குள் விக்டோரியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் 5 அடி 3 அங்குல அகலத்துக்கு ஆர்டர் கொடுத்துவிட்டன. அதோடு விட்டார்களா? செலவு குறையும் என்று தெற்கு ஆஸ்திரேலியா தன் எல்லைக்குள்ளேயே பல இடங்களில் 3 அடி 6 அங்குலப் பாதையும் போட்டது.

இந்த இரண்டும் சந்தித்த இடங்களில் ஒன்றுதான் டெரோவி. 1880-ல் அடிலெய்டிலிருந்து அகலப் பாதை இங்கே வந்து நின்றது. 1881-ல் இங்கிருந்து வடக்கே குறுகிய பாதை கிளம்பியது. ஒரு பாதையின் வண்டி இன்னொன்றில் ஓடாது. எனவே கம்பளி மூட்டை, ஆடு, மளிகைச் சாமான், மனிதர் என எல்லாமே இங்கே இறங்கி வேறு வண்டி ஏறியாக வேண்டும். இறக்கி ஏற்ற ஆள் வேண்டும், அவர்களுக்குக் கடையும் ஓட்டலும் வேண்டும். ஊர் வளர்ந்தது இப்படித்தான். நாட்டுக்கு வீண் செலவு, டெரோவிக்குச் சோறு.

இரண்டாம் உலகப் போரில் வடக்கே போன படைவீரர்களும் இங்கேதான் வண்டி மாறினார்கள். பிலிப்பைன்ஸிலிருந்து தப்பி வந்த அமெரிக்கத் தளபதி டக்ளஸ் மெக்கார்தர், ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து குறுகிய பாதை ரயிலில் வந்து 1942 மார்ச் 20 அன்று இங்கே இறங்கினார். பிலிப்பைன்ஸுக்குத் திரும்பிப் போவேன் என்று அவர் சொன்ன புகழ்பெற்ற சபதம் இந்த பிளாட்பாரத்தில் பிறந்ததுதான். வண்டி மாற வேண்டியிருந்ததால்தானே இறங்கினார்! 1944 அக்டோபரில் சொன்னபடியே போய் இறங்கவும் செய்தார்.

1970-ல் அகலப் பாதையை அருகிலுள்ள பீட்டர்பரோ வரை நீட்டினார்கள். வண்டி மாறும் வேலை முழுவதும் அந்த ஊருக்குப் போய்விட்டது. அங்கே ஏற்கனவே குறுகிய பாதை இருந்தது. சிட்னியையும் பெர்த்தையும் இணைத்த 4 அடி 8½ அங்குலப் பாதையும் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. ஆக, ஒரே ஊரில் மூன்று அகலங்கள்! அடிலெய்டில் உட்கார்ந்து பார்த்தால் இது சரியான முடிவுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் டெரோவியில் ரயில்வேக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. வாடிக்கையாளர் போனதும் கடைகள் மூடின. பின்னால் ரயிலே நின்று, தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள்.

புதிதாகக் கட்டப் பணமில்லாததாலோ என்னவோ, பழைய கடைவீதியை யாரும் இடிக்கவில்லை. வராந்தா வைத்த அந்தக் கடைகளைப் பார்க்கவும், மெக்கார்தர் பேசிய இடத்தில் உள்ள நினைவுப் பலகையைப் படிக்கவும் பயணிகள் காரில் வருகிறார்கள்.