பெரிய மேம்பாட்டுத் திட்டங்கள்: ஊராட்சி மன்றம் யாரைக் கேட்டு முடிவெடுக்கிறது?

தோட்டம் கைமாறிவிட்டது என்ற செய்தி, வேலியோரம் மேம்பாட்டு நிறுவனத்தின் பலகையைப் பார்த்த பிறகுதான் பலருக்குத் தெரிய வருகிறது. வீடுகள், கடைகள், பேரங்காடி, அடுக்குமாடிகள் எல்லாம் ஒரே இடத்தில் எழும் கலப்பு மேம்பாடு என்றால், அந்த நிலத்தில் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் லயத்து வீடுகளும் இருக்க வாய்ப்புண்டு. ஆனால் கட்டுமானம் தொடங்கும் முன்பே முக்கிய முடிவுகள் எடுக்கப்பட்டிருக்கும். அவற்றில் யார், எப்போது கருத்துச் சொல்லலாம் என்பதைச் சட்டம் வகுத்திருக்கிறது.

எந்தச் சட்டம்?

தீபகற்ப மலேசிய மாநிலங்களில் 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் நடப்பில் உள்ளது. 172ஆவது சட்டம் என்று இதைக் குறிப்பிடுவார்கள். திட்டமிடல் அனுமதி இல்லாமல் எந்த மேம்பாட்டையும் தொடங்கக்கூடாது என்பது இதன் அடிப்படை விதி. மலாயில் இந்த அனுமதிக்கு ‘கெபெனாரான் மெரன்சாங்’ என்று பெயர். கோலாலம்பூருக்குத் தனியாக 1982ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டம் உள்ளது. சபா, சரவாக் மாநிலங்களுக்கும் அவற்றுக்கே உரிய சட்டங்கள் உண்டு.

மன்றத்தில் என்ன நடக்கிறது?

விண்ணப்பம் முதலில் ஊராட்சி மன்றத்தின் ஓஎஸ்சி எனப்படும் ஒரே முகப்பு மையத்திற்குப் போகிறது. அங்கிருந்து பொதுப்பணித் துறை, வடிகால் நீர்ப்பாசனத் துறை, தீயணைப்பு மீட்புத் துறை போன்றவற்றின் கருத்துக்கு அனுப்பப்படும். சாலை நெரிசல், வெள்ள அபாயம், கழிவுநீர், தீயணைப்பு வண்டி நுழையும் வழி ஆகியவற்றை அந்தத் துறைகள் பார்க்கின்றன.

முடிவெடுக்கும்போது, அந்தப் பகுதிக்கான மேம்பாட்டுத் திட்டத்தையும் முறையாக வந்த ஆட்சேபங்களையும் மன்றம் கருத்தில் கொள்ள வேண்டும். 10,000 பேருக்கு மேற்பட்டோருக்கான புதிய நகரம் அல்லது 100 ஹெக்டருக்கு மேற்பட்ட நகர மேம்பாடு என்றால், பிரதமர் தலைமையிலான தேசியத் திட்டமிடல் மன்றத்தின் ஆலோசனையையும் பெற வேண்டும்.

கடிதம் யாருக்கு வரும்?

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. 172ஆவது சட்டத்தின்படி, உள்ளூர்த் திட்டம் நடப்பில் இல்லாத பகுதி என்றால், அண்டை நிலத்தின் உரிமையாளர்களுக்கு மன்றம் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அவர்கள் 21 நாள்களுக்குள் காரணத்துடன் ஆட்சேபம் தெரிவிக்கலாம். நேரில் விளக்கமளிக்கக் கேட்பவர்களை மன்றம் அழைத்து விசாரிக்க வேண்டும்.

அண்டை நிலம் என்பது ஒட்டியுள்ள நிலம், அல்லது 20 மீட்டருக்கு மேல் அகலமில்லாத சாலை, சந்து, கால்வாய்க்கு அப்பால் உள்ள நிலம். முட்டுச்சாலையைப் பகிர்ந்துகொள்ளும் இடமானால் 200 மீட்டர் வரை இது நீளும்.

சட்டம் குறிப்பிடுவது நில உரிமையாளரை. நாற்பது ஆண்டுகள் லயத்து வீட்டில் வாழ்ந்தவருக்கும், கம்பெனி நிலத்தில் உள்ள கோயிலின் நிர்வாகத்துக்கும் இந்தப் பிரிவின் கீழ் கடிதம் வராது. ஆட்சேபம் தெரிவிக்காத அண்டை நில உரிமையாளர் பிறகு மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகவும் முடியாது. ஆட்சேபம் தெரிவித்தவருக்கும், முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதம்தான் அவகாசம்.

புக்கிட் கியாரா தரும் பாடம்

கோலாலம்பூர், தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் உள்ள தாமான் ரிம்பா கியாரா பூங்கா வழக்கு இதில் ஒரு திருப்புமுனை. பூங்கா நிலத்தில் 42 முதல் 54 மாடிகள் வரையிலான எட்டுக் கட்டடங்களில் 1,766 சேவை அடுக்கக வீடுகளையும், 29 மாடிக் கட்டடத்தில் 350 மலிவு விலை வீடுகளையும் கட்டுவதற்கு, 2017 ஜூலையில் கோலாலம்பூர் மாநகர் மன்றம் மேம்பாட்டு ஆணை வழங்கியது.

அக்கம்பக்கக் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 2018இல் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மேம்பாட்டு ஆணையை ரத்து செய்தது. 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அதை நிலைநிறுத்தியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டத்தோ நளினி பத்மநாதன். கட்டமைப்புத் திட்டம் என்பது டத்தோ பண்டார் விருப்பம்போல் ஒதுக்கிவைக்கக்கூடிய வெறும் வழிகாட்டி அல்ல, அதிலிருந்து விலகினால் காரணம் சொல்ல வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம்.

பூங்கா காப்பாற்றப்பட்டது. ஆனால் அந்த 350 வீடுகளின் பின்னணியில் இருந்தவர்கள், பழைய புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். தோட்டம் கையகப்படுத்தப்பட்ட பிறகு தற்காலிகம் என்று சொல்லப்பட்ட நீண்ட வரிசை வீடுகளில் குடியமர்த்தப்பட்ட சுமார் 100 குடும்பங்கள், நிரந்தர வீட்டுக்காகப் பல பத்தாண்டுகள் காத்திருந்தன. ஆணை ரத்தானபோது அந்த வீடுகளும் சேர்ந்தே போயின. அவர்களுக்கான வீடமைப்பு, பெரிய வணிகத் திட்டத்தின் ஒரு பகுதியாகச் சேர்க்கப்பட்டதன் விளைவு இது. தோட்ட மக்களின் வீட்டுரிமை தனித் தீர்வாக, எழுத்தில் உறுதியாக இருந்திருந்தால் பூங்காவா வீடா என்ற கேள்வியே எழுந்திருக்காது.

குடியிருப்பாளர்கள் என்ன செய்யலாம்?

முதலாவது, உள்ளூர்த் திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் காலத்தைத் தவற விடக்கூடாது. குறைந்தது நான்கு வாரம் அது திறந்திருக்கும். இந்தக் கட்டத்தில் கருத்துச் சொல்ல நிலப்பட்டா தேவையில்லை. திட்டத்தை மாற்றும்போதும் இதே வாய்ப்பு உண்டு. தோட்டம் இன்னும் விவசாய நிலமாக இருக்கும்போதே, வரைவில் அதற்கு என்ன நிறம் தீட்டப்பட்டுள்ளது என்று பாருங்கள். வீடமைப்பு அல்லது வணிகப் பகுதியாகக் காட்டப்பட்டிருந்தால், அனுமதிக்கான பாதி வழி அங்கேயே போடப்பட்டுவிட்டது.

இரண்டாவது, கோயில், பள்ளி, மயானம், பாலர்பள்ளி ஆகியவை மனை அமைப்பு வரைபடத்தில் குறிக்கப்பட்டுள்ளனவா என்று கேளுங்கள். வரைபடத்தில் இல்லாததைப் பிறகு சேர்ப்பது கடினம். வாய்மொழி வாக்குறுதி கோப்பில் ஏறாது.

மூன்றாவது, ஆட்சேபக் கடிதத்தில் திட்டமிடல் காரணங்களை எழுதுங்கள். குடியிருப்பு அடர்த்தி, சாலையின் தாங்குதிறன், வெள்ளம் தேங்கிய இடங்கள், உள்ளூர்த் திட்டத்திற்கு முரணான பயன்பாடு ஆகியவற்றைக் குறிப்பிடலாம். ‘நாங்கள் பல காலமாக இங்கே வாழ்கிறோம்’ என்பது உண்மைதான். ஆனால் அதை மட்டும் வைத்து மன்றம் முடிவெடுக்காது.

நான்காவது, கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் பெறுகை முத்திரை வாங்கி வையுங்கள். பின்னாளில் முறையிடுவதற்கு உங்கள் கையில் உள்ள சான்று அதுதான்.