பின்சுவரில் ஒரு சின்ன வாசல்

தென்னேரி வீட்டின் பழைய குளியலறையைப் போன மாதம் இடித்தோம். மகனுக்கு வெஸ்டர்ன் டாய்லெட் வேண்டுமாம். என் முழங்காலும் அதைத்தான் கேட்கிறது. பின்சுவரின் பூச்சு உதிர்ந்ததும், தரையை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்குச் செங்கல் வைத்து அடைத்த இடம் ஒன்று தெரிந்தது. "இது என்ன சார், ஜன்னலா?" என்றார் கொத்தனார். சின்ன வயசுக்காரர்.

அது எடுப்புக் கக்கூஸின் வாசல். (கக்கூஸ் என்பதே டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல்.) நடமாட முடியாத பெரியவர்களுக்காகத் தாத்தா கட்டியது. உட்கார இரண்டு கல், கீழே ஒரு தகர வாளி. காலையில் ஓர் அம்மாள் பின்சந்து வழியாக வந்து, தகரக் கதவைத் தூக்கி, சாம்பல் போட்டு அள்ளிக் கூடையில் கொண்டுபோவார். விடுமுறைக்கு வரும்போது அந்தத் தகரத்தின் சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. பாட்டிக்கும் தெரியாது, தொழிலைச் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். விக்தோர் ஹ்யூகோவின் 'லே மிசெராப்ல்' நாவலில், காயம்பட்ட மரியுஸைச் சுமந்துகொண்டு ழான் வால்ழான் பாரிஸ் பாதாளச் சாக்கடையில் நடக்கும் இடத்தை வாசித்து அழுதிருக்கிறேன். தமிழில் 'ஏழை படும் பாடு' என்று 1950-இல் படமாக வந்த கதைதான். அந்தப் பாரிஸிலேயே 1894-இல் சட்டம் போட்டுத்தான் வீட்டுக் கழிவை நேரே சாக்கடையில் சேர்க்க வைத்தார்கள். எங்கள் சந்தில் கூடையில் போனதைப் பார்த்து எனக்கு அழுகை வந்ததில்லை.

நம் நாட்டில் அதற்கான மத்தியச் சட்டம் 1993-இல் வந்தது. எடுப்புக் கக்கூஸ் கட்டினாலோ, ஆள் வைத்து அள்ளினாலோ ஓராண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். அமலுக்கு வந்ததோ 1997 ஜனவரி 26. அப்போதும் 6 மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் மட்டுமே. புதுச்சேரி அதில் உண்டு, தமிழ்நாடு இல்லை. ஃபைல் நகரும் வேகம் குமாஸ்தாவாக இருந்த எனக்குப் புதிதல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் மனிதர் அள்ளும் கக்கூஸ்கள் நாட்டில் சுமார் 7.94 லட்சம் இருந்தன. 2013-இல் இன்னொரு சட்டம், பாதுகாப்பில்லாமல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதையும் தடுத்தது. 1993 முதல் அப்படி இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

எங்கள் வீட்டு வாசலை அடைத்தது இந்தச் சட்டங்களுக்கெல்லாம் முன்னால். நியாயம் பார்த்து அடைக்கவில்லை. அந்த அம்மாள் வருவது ஒருநாள் நின்றுபோனது, அவ்வளவுதான். ஏன் நின்றார் என்று யாரும் போய் விசாரிக்கவில்லை.

கொத்தனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, புது செப்டிக் டேங்குக்கு ஆள் இறங்கும் அளவுக்கு மூடி வைக்கட்டுமா என்றார். லாரிக் குழாய் நுழைந்தால் போதும் என்றேன்.