கூலிப் பட்டியலில் இரண்டு கலங்கள்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். இக்போ மக்களைப் பற்றி நைஜீரியாவின் சினுவா அச்சிபி 1958-இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில்தான் வாசித்தேன். சென்ற மாதம் மறுபடி எடுத்தேன். படிக்கப் படிக்க எங்கள் மரக்காணம் உப்பளமே கண்முன் நின்றது.

நாயகன் ஒகோங்க்வோ பேர்பெற்ற மல்லன். அவன் அப்பாவோ புல்லாங்குழல் வாசித்து, கடன் வாங்கியே காலம் கழித்தவர். பட்டம் பெறாத ஆணை அங்கே 'அக்பாலா' என்பார்கள். பெண் என்றும் அதற்குப் பொருள். அப்பாவை அப்படிச் சொல்லச் சிறுவயதில் கேட்டவன், ஆயுள் முழுக்க அந்தச் சொல்லுக்கே பயந்தான். தன்னை அப்பா என்றழைத்த பையனை வெட்டியதும் அந்தப் பயத்தில்தான். அங்கே பயிரிலும் பேதம் உண்டு: பெருவள்ளி இனக் கிழங்கு ஆண்களுடையது, சேம்பும் மரவள்ளியும் பெண்களுடையவை. ஆனால் ஊரே நடுங்கும் குறிதெய்வத்தின் பெயரும் அக்பாலாதான். அதற்குப் பூசாரி ஒரு பெண்!

அதே இக்போ நாட்டில் 1929-இல் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு வெள்ளையர் ஆட்சியை எதிர்த்தார்கள். தங்களுக்கும் வரி வருமோ என்ற அச்சமே காரணம். ஐம்பதுக்கு மேற்பட்டோர் சுடப்பட்டு இறந்தனர்.

மறு ஆண்டு இங்கே உப்புச் சத்தியாகிரகம். தண்டி யாத்திரைக்குக் காந்தி தேர்ந்த தொண்டர்களில் பெண் ஒருவரும் இல்லை. பெண்களையும் சேர்க்கவேண்டும் என்று கமலாதேவி சட்டோபாத்யாய அவரிடம் வாதாடினார். வேதாரண்யத்தில் ருக்மணி லட்சுமிபதி சிறை சென்றார். உப்பு பெண்களுக்குப் புதிதா என்ன? அகநானூறு 140-ஆம் பாட்டிலேயே உமணர் மகள் நெல்லுக்கு உப்பை மாற்றக் கூவுகிறாள்.

இனி என் கதை. 1976-இல் சம ஊதியச் சட்டம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஓர் உப்பளத்தின் கூலிப் பட்டியலைச் சரிபார்க்கப் போனேன். ஆண்கள் பலகையால் உப்பை வாரிக் குவித்தார்கள். பெண்கள் சும்மாடு வைத்து, வெறுங்காலோடு வரப்பில் சுமந்து, அம்பாரத்தில் கொட்டினார்கள். பட்டியலில் ஆண், பெண் என்று இரண்டு கலம்; பெண்ணுக்குக் குறைவு. கேட்டால், "வார்றது ஆம்பளை வேலைங்க" என்றார் கணக்குப்பிள்ளை.

கூடையோடு நின்ற ஓர் அம்மா என்னைப் பார்த்து, "ஏங்க, நாங்க சுமந்த உப்பு மட்டும் கரிக்காதா?" என்றார்.

மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுத ஐந்து நிமிடம் போதும். நான் எழுதவில்லை. 'பொம்பளைங்களுக்கு வக்காலத்து வாங்குறான்' என்று சக ஊழியர்கள் சிரிப்பார்களே என்ற பயம். கூட்டல் சரி என்று கையெழுத்திட்டுத் திரும்பினேன்.

ஒகோங்க்வோவைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.