மொடக்குறிச்சி: ஆயிரத்து முப்பத்து மூன்று பெயர்கள்

ஈரோட்டுக்குத் தெற்கே, காவிரியின் மேற்குக் கரையை ஒட்டிப் பரந்து கிடக்கும் சமவெளியில் அமைந்தது மொடக்குறிச்சிச் சட்டமன்றத் தொகுதி. தமிழகத்தின் 234 தொகுதிகளுள் ஒன்றாக மட்டுமே இது கருதப்பட்டிருக்கலாம். தலைநகரின் கண் படும் பெருநகரம் எதுவும் இதில் இல்லை. முதலமைச்சர் எவரும் இங்கிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டதில்லை. ஆயினும் இந்தியத் தேர்தல் வரலாற்றை எழுதுவோர் எவரும் இப்பெயரைத் தவிர்த்துவிட இயலாது. 1996ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் இத்தொகுதியில் களத்தில் நின்றவர்கள் 1033 பேர். இந்தியாவில் ஒரு தொகுதியில் இத்தனை வேட்பாளர்கள் அதற்கு முன்னும் நின்றதில்லை, பின்னும் நின்றதில்லை. இந்நிகழ்ச்சி வேடிக்கைச் செய்தியாகவே பெரிதும் நினைவுகூரப்படுகிறது. தொகுதியின் முன்னும் பின்னுமான வரலாற்றோடு சேர்த்துக் காணும்போதே அதன் பொருள் விளங்கும்.

நிலமும் நீரும்

இப்பகுதியின் வாழ்வு இரு வாய்க்கால்களைப் பற்றி நிற்பது. ஒன்று, பழமையான காலிங்கராயன் வாய்க்கால். பவானியாற்றில் அணைகட்டி, ஈரோட்டைத் தொட்டு, காவிரிக்கு இணையாகக் கொடுமுடிப் பக்கம் வரை செல்லும் இவ்வாய்க்காலை 13ஆம் நூற்றாண்டினது என மரபு கூறும். மற்றொன்று, விடுதலைக்குப் பின் பவானிசாகர் அணையோடு எழுந்த கீழ்பவானி வாய்க்கால். ஏறத்தாழ 2 இலட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குப் பாசனம் தரும் இத்திட்டத்தில் நிலங்கள் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு எனப் பிரிக்கப்பட்டு, ஒரு போகம் நன்செய்க்கும் மறு போகம் புன்செய்க்கும் முறைவைத்து நீர் விடப்படுகிறது. வாய்க்கால் நீர் எட்டாத இடங்களில் கிணறும் மின்மோட்டாருமே துணை. மஞ்சள், நெல், கரும்பு, தென்னை என்பன இங்கு விளைவன. ஈரோட்டு மஞ்சள் சந்தையின் ஏற்ற இறக்கமே பல வீடுகளின் ஏற்ற இறக்கம்.

இந்நிலத்தின் உழவனுக்கு அரசு தொலைவில் உள்ள ஒன்றன்று. மதகைத் திறப்பது அரசு. மின்சாரம் தருவது அரசு. கூட்டுறவுக் கடன் தருவதும் திரும்பக் கேட்பதும் அரசு. எனவே கொங்கு நாட்டில் உழவர் இயக்கம் வலுப்பெற்றது இயல்பே. 1970இல் மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூடு உழவர் உயிர்களைக் குடித்தது. 1972இல் கட்டை வண்டிகள் கோவை நகரின் சாலைகளை நிறைத்தன. நாராயணசாமி நாயுடு தலைமையில் எழுந்த விவசாயிகள் சங்கம், 1984இல் அவர் மறையும் வரை, ஆட்சிகள் அஞ்சிய ஆற்றலாக விளங்கியது. அவர் மறைவுக்குப் பின் இயக்கம் பல கிளைகளாகப் பிரிந்தது; குறைகள் பிரியவில்லை.

வென்றவர் பக்கமே நின்ற தொகுதி

மொடக்குறிச்சியின் தேர்தல் முடிவுகளை 1977 முதல் வரிசைப்படுத்திப் பார்ப்போர் ஒரு செய்தியை உடனே காண்பர். 1977இல் அ.தி.மு.க. சார்பில் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார், எம்.ஜி.ஆர். அமைச்சரவையிலும் இடம்பெற்றார். 1980, 1984 ஆகிய இரு தேர்தல்களிலும் அக்கட்சியின் எஸ்.பாலகிருஷ்ணன் வென்றார். 1989இல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தபோது இங்கும் தி.மு.க.வின் அ.கணேசமூர்த்தி வென்றார். 1991இல் அ.தி.மு.க.வின் ஆர்.என்.கிட்டுசாமி, 1996இல், இதற்குள் தி.மு.க.வுக்கு மாறியிருந்த சுப்புலட்சுமி ஜெகதீசன், 2001இல் அ.தி.மு.க.வின் பி.சி.இராமசாமி, 2006இல் தி.மு.க. கூட்டணியில் நின்ற காங்கிரசின் ஆர்.எம்.பழனிசாமி, 2011இல் மீண்டும் கிட்டுசாமி, 2016இல் அ.தி.மு.க.வின் வி.பி.சிவசுப்பிரமணி.

பத்துப் பொதுத்தேர்தல்கள், பத்திலும் இத்தொகுதி தேர்ந்தெடுத்தவர் ஆட்சி அமைத்த அணியைச் சேர்ந்தவரே. நாற்பதாண்டுக் காலம் ஆளுங்கட்சி வரிசையிலேயே தன் பிரதிநிதியை அமர்த்திய தொகுதி இது. ஆளும் அணியின் உறுப்பினரைப் பெற்றால் தொகுதியின் குறை தீரும் என்பது தேர்தல் மேடைகளில் ஓயாது கேட்கப்படும் வாக்கு. அவ்வாக்கு மெய்யாயின், தமிழகத்திலேயே குறை தீர்ந்த தொகுதிகளின் முன்வரிசையில் மொடக்குறிச்சி நின்றிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பத்துத் தேர்தல்களின் நட்டநடுவில்தான், தங்கள் குரலை எவரும் செவிமடுக்கவில்லை எனக் காட்டுவதற்காக உழவர்கள் நூற்றுக்கணக்கில் வேட்புமனுவைக் கையில் எடுத்தனர்.

1996

அவ்வாண்டுச் சட்டத்தின்படி ஒருவர் சட்டமன்றத்துக்குப் போட்டியிட வேண்டியவை மிகச் சிலவே. இருபத்தைந்து வயது நிறைந்திருக்க வேண்டும். மாநிலத்தில் ஏதேனும் ஒரு தொகுதியில் வாக்காளராக இருக்க வேண்டும். முன்மொழிய ஒரு வாக்காளர் வேண்டும். வைப்புத்தொகையாக 250 ரூபாய் கட்ட வேண்டும். தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. இத்தனை பேர்தாம் நிற்கலாம் என்ற வரம்பு எதுவும் சட்டத்தில் இல்லை. மறியல் செய்தால் தடியடி, ஊர்வலம் போனால் தடையுத்தரவு. ஆனால் வேட்புமனுவை முறைப்படி கொடுத்தால் அரசு அதை வாங்கியே ஆகவேண்டும். உழவர்கள் கண்டுகொண்டது இந்த வழியை. கோரிக்கை மனுக்கள் கோப்புகளில் உறங்கலாம். வேட்புமனுவுக்கு அந்த உறக்கம் கிடையாது.

மனுக்கள் ஆய்வுசெய்யப்பட்டுப் பட்டியல் இறுதியானபோது 1033 பெயர்கள் இருந்தன. வாக்குச்சீட்டை ஒரு தாளில் அச்சிடுவது இயலாது போயிற்று. புத்தக வடிவில் அச்சிடப்பட்டது. வாக்குப்பதிவும் பிற தொகுதிகளுக்குப் பின்னரே நடத்தப்பட்டது. அன்றைய விதிப்படி கட்சி வேட்பாளரும் சுயேச்சையும் ஒரே அகர வரிசையில் கலந்து நின்றனர். ஆகவே எழுத்தறியா முதியவர் ஒருவர் தமக்குப் பழகிய சின்னத்தைக் காண ஏடு ஏடாகப் புரட்ட வேண்டியிருந்தது. உழவர் எதிர்ப்பின் சுமையை முதலில் சுமந்தவர் அந்த வாக்காளரே என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆட்சியாளரைத் தட்டி எழுப்ப எடுத்த கோல், அயலாரின் கையையும் சற்றுத் தட்டிவிட்டது.

முடிவில் இத்தனை பெயர்களும் வெற்றியை அசைக்கவில்லை. மாநிலமெங்கும் வீசிய ஆட்சி எதிர்ப்பு அலையில் சுப்புலட்சுமி ஜெகதீசன் ஏறத்தாழ 40 ஆயிரம் வாக்கு வேறுபாட்டில் கிட்டுசாமியை வென்றார். 88 வேட்பாளர்களுக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. தமக்குத் தாமே வாக்களிக்காத வேட்பாளர்கள் என நகையாடப்பட்டது இந்த எண். வேறு தொகுதியில் வாக்குரிமை உள்ளவரும் இங்கே நிற்கலாம் என்னும் விதியை நகையாடியோர் நினைக்கவில்லை. இங்கேயே வாக்குரிமை பெற்றிருந்தும் வேறொருவருக்கு வாக்களித்தவர் இருந்திருப்பின், அவர் செயலிலும் முரண் இல்லை. பெயரை மனுவாகக் கொடுத்தார். வாக்கைத் தீர்ப்பாகக் கொடுத்தார். இரண்டும் வேறு வேறு என்பதை அவர் தெளிவாகவே அறிந்திருந்தார்.

அதே 1996இல் நாடாளுமன்றத் தேர்தலில் ஆந்திரத்தின் நல்கொண்டாவில் 480 பேரும், கர்நாடகத்தின் பெல்காமில் 456 பேரும் நின்றனர். நல்கொண்டாவில் குடிநீரில் கலந்த புளோரைடு எலும்பை முடக்கிய துயரமே அதற்குக் காரணம். மொழியாலும் மாநிலத்தாலும் வேறுபட்டோர் ஒரே ஆண்டில் ஒரே வழியைக் கையாண்டது எண்ணிப் பார்க்கத்தக்கது.

சட்டம் தந்த விடை

விடை விரைந்து வந்தது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 1996 ஆகஸ்டு முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. சட்டமன்ற வேட்பாளரின் வைப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக, அதாவது இருபது மடங்காக உயர்ந்தது. ஏற்பளிக்கப்பட்ட கட்சியைச் சாராதவருக்குப் பத்து வாக்காளர்கள் முன்மொழிய வேண்டும் என்றாயிற்று. வாக்குச்சீட்டில் ஏற்பளிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளர் முதலிலும், சுயேச்சைகள் இறுதியிலும் வரும்படி வரிசை மாறிற்று. ஒரே நேரத்தில் ஒருவர் இரண்டு தொகுதிகளுக்கு மேல் நிற்பதும் தடுக்கப்பட்டது. பிற்காலத்தில், 2010இல், வைப்புத்தொகை மீண்டும் இரட்டித்து 10,000 ரூபாய் ஆயிற்று.

இந்த மாற்றத்தின் அளவைக் கணக்கிட்டால் தெளிவு பிறக்கும். 1996இல் 1033 பேரும் கட்டிய வைப்புத்தொகை மிகுந்தால் 2,58,250 ரூபாய். புதிய விதிப்படி அதே எதிர்ப்புக்கு 51 இலட்சத்து 65 ஆயிரம் ரூபாயும் 10,330 முன்மொழிவுக் கையொப்பங்களும் வேண்டும். 2010க்குப் பின்னரோ ஒரு கோடி ரூபாயைத் தாண்டும். தேர்தலை நடத்துவோரின் இடர்ப்பாடு மெய்யானது. நிருவாக நோக்கில் இத்திருத்தங்களுக்கு நியாயமும் உண்டு. இத்தகைய சீர்திருத்தங்கள் 1990இல் தினேஷ் கோஸ்வாமி குழுவாலும் ஆராயப்பட்டவையே. எனினும் உழவர்கள் நீரையும் விலையையும் பற்றிப் பேசினர். சட்டமோ வாக்குச்சீட்டின் நீளத்தைப் பற்றி விடை கூறியது. கதவைத் தட்டியவரிடம் வந்த காரியத்தைக் கேளாமல், கதவை உயர்த்திக் கட்டியதைப் போன்றது அது.

உயர்த்திய கதவையும் பின்னர்ச் சிலர் தட்டினர். 2019 நாடாளுமன்றத் தேர்தலில் தெலுங்கானாவின் நிசாமாபாத்தில் 185 பேர் நின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் உழவர்கள். அவர்களது முதன்மைக் கோரிக்கை மஞ்சள் வாரியம். ஒவ்வொருவரும் கட்ட வேண்டியிருந்த தொகை 25,000 ரூபாய். 2025 சனவரியில் தேசிய மஞ்சள் வாரியம் நிசாமாபாத்திலேயே தொடங்கப்பட்டது. மஞ்சள் விளையும் மொடக்குறிச்சி மண் காட்டிய வழி, மஞ்சள் விளையும் மற்றொரு மண்ணில் கால் நூற்றாண்டுக்குப் பின் ஓரளவு பயன் கண்டது.

281 வாக்குகள்

2021ஆம் ஆண்டுத் தேர்தலில் மொடக்குறிச்சி மீண்டும் நாட்டின் பார்வைக்கு வந்தது. இம்முறை பெருந்தொகையால் அன்று, சிறுதொகையால். 1977இலும் 1996இலும் இங்கு வென்ற சுப்புலட்சுமி ஜெகதீசன் தி.மு.க. வேட்பாளராக மீண்டும் வாக்குக் கேட்டார். எதிரே அ.தி.மு.க. கூட்டணியில் பாரதிய சனதாக் கட்சியின் மருத்துவர் சி.சரஸ்வதி. சரஸ்வதி 78,125 வாக்குகளும் சுப்புலட்சுமி 77,844 வாக்குகளும் பெற்றனர். வேறுபாடு 281. மாநிலத்தில் ஆட்சி அமைத்தது தி.மு.க.; மொடக்குறிச்சியோ எதிரணியைத் தேர்ந்தெடுத்தது. 1977 முதல் அறுபடாது வந்த சரடு 281 வாக்குகளில் அறுந்தது. அடுத்த ஆண்டு சுப்புலட்சுமி ஜெகதீசன் கட்சிப் பொறுப்பிலிருந்தும் தீவிர அரசியலிலிருந்தும் விலகினார்.

இவ்விரு தேர்தல்களையும் அருகருகே வைத்துக் காண்பது பொருந்தும். ஆயிரம் பெயர்கள் நின்ற தேர்தலில் முடிவு மாறவில்லை. மாறியது நாட்டின் சட்டம். பெயர்கள் சிலவாகிவிட்ட தேர்தலில் ஒரு சிற்றூரின் ஒரு வாக்குச்சாவடி அளவே கொண்ட வாக்குகள் நாற்பதாண்டு வழக்கத்தை மாற்றின. எண்ணிக்கையின் வலிமை எந்த இடத்தில் எந்த வடிவில் வெளிப்படும் என்பதை முன்கூட்டி உரைப்பார் இல்லை.

ஆளுங்கட்சிக்குத் தவறாமல் வாக்களித்தும் தம் குறை கேட்கப்படவில்லை என்று கண்டவர்கள், வாக்காளர் பட்டியலிலிருந்து எழுந்து வேட்பாளர் பட்டியலில் போய் நின்றதே மொடக்குறிச்சியின் வரலாறு. அவர்களுள் எவரும் சட்டமன்றம் செல்லவில்லை. ஏறத்தாழ எல்லோருமே வைப்புத்தொகையை இழந்தனர். எனினும் அந்த 250 ரூபாய் வீணாயிற்று என்று சொல்வதற்கில்லை. மனுக்களுக்கு விடை தராத அரசமைப்பு, அவர்களுக்கு விடை கூறுவதற்காகத் தன் சட்டத்தையே திருத்தி எழுத நேர்ந்தது. அவர்கள் கேட்ட வினாவுக்கு உரிய விடையோ கீழ்பவானி மதகுகளிலும் ஈரோட்டு மஞ்சள் மண்டிகளிலும்தான் எழுதப்பட வேண்டும்.